குட்டைத் தண்ணீருக்குப் போக்கிடம் உண்டா? நொய்யல் பக்கம் மீன் வளர்ப்பு: விவாத இழை

தோட்டத்துக்காரன்
செவ்வாய், இரவு 9.40

வணக்கம்ங்க. காங்கயம் பக்கம், நொய்யல் ஆற்றில் இருந்து 2 கிலோமீட்டர் தள்ளி எங்கள் தோட்டம். தென்னைக்காகப் போன வருஷம் ஒரு பண்ணைக்குட்டை வெட்டித் தார்ப்பாய் விரித்தோம். அரை ஏக்கர், ஆழம் சராசரியாக 1.5 மீட்டர். முழுக்கப் போர் தண்ணீர். கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை விட்டால் 2,800 (லிட்டருக்கு மில்லிகிராம்) காட்டுகிறது. தண்ணீர் சும்மாதானே கிடக்கிறது, மீன் விடு என்கிறார் மச்சான். மத்திய அரசின் மத்ஸ்ய சம்பதா மீன்வளத் திட்டத்தில் 40 சதவீதம் மானியம், வீட்டுக்காரி பெயரில் போட்டால் 60 என்றும் விசாரித்து வைத்திருக்கிறார்.

அம்மாதான் குறுக்கே நிற்கிறார். திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணையில் மீன் செத்து ஒதுங்கியதைக் கண்ணால் பார்த்தவர். "நொய்யத்து மீனை என் அடுப்பில் ஏத்த மாட்டேன்" என்கிறார். இது ஆத்துத் தண்ணி இல்லை, போர் தண்ணி என்றால், "அது எங்கிருந்து ஊறுதாம்?" என்று கேட்கிறார். பதில் சொல்லத் தெரியவில்லை.

இதற்கிடையில் எகிப்தில் பாலைவனத்துக்கு நடுவே ஏரி, பக்கத்தில் மீன் பண்ணை என்று ஒரு வீடியோ பார்த்தேன். சுற்றிலும் மணல், நடுவே நீலத் தண்ணீர், ஒரு அருவி கூட இருக்கிறது. அங்கே முடிகிறது, இங்கே முடியாதா? டிடிஎஸ் 2,800 என்றால் ஈயம், காட்மியம் மாதிரிக் கன உலோகமும் அதிகம் என்று அர்த்தமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நாமக்கல்முட்டை
செவ்வாய், இரவு 9.52

மீன் எதுக்குங்க, கோழி வையுங்க. தார்ப்பாய் கூட வேண்டாம்.

பழையசவுதி
செவ்வாய், இரவு 10.15

தம்பி, நான் 7 வருஷம் சவுதியில் ஒரு மீன் பண்ணையில் இருந்தேன். கடலோரம் இல்லை, உள்நாடு. ஆழ்குழாய்த் தண்ணீர்தான், உங்கள் போரை விட உப்பு. திலேப்பியா, அதாவது நம்ம ஊர் ஜிலேபி, அதில் குதித்துக்கொண்டு வளர்ந்தது. 2,800 எல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. கட்லா, ரோகு கூடத் தாங்கும். தைரியமாக விடுங்கள்.

ஒன்றே ஒன்று. அங்கே குஞ்சு வளர்க்கும் தொட்டிக்கு மட்டும் உப்பை எடுத்த ஆர்.ஓ. தண்ணீர் விடுவோம். ஒரு தடவை பழைய பிளாஸ்டிக் குழாயை மாற்றிப் பளபளவென்று புதுசாக ஜிங்க் பூசிய இரும்புக் குழாய் போட்டார் மேஸ்திரி. இரண்டே நாளில் குஞ்சு எல்லாம் செவுளை விரித்துக்கொண்டு மேலே வந்துவிட்டது. ஆக்சிஜன் சரி, அமோனியா சரி. மூன்றாம் நாள் அள்ளிக் கொட்டினோம். குழாயில் இருந்து கரைந்த துத்தநாகம் என்று பிறகுதான் தெரிந்தது. அதே குழாய் பெரிய குளத்திலும் இருந்தது, அங்கே ஒன்றும் ஆகவில்லை. ஏன் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

செவுள்
புதன், காலை 6.30

மீன்வளம் படித்தவள், கொஞ்ச நாள் ஆய்வகத்திலும் இருந்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பழையசவுதி அண்ணாவின் குழாய். கரைந்த உலோகம் மீனைக் கொல்வது பெரும்பாலும் செவுள் வழியாக. தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம் இருந்தால், செவுளில் உலோகம் ஒட்ட வேண்டிய இடத்தைக் கால்சியம் பிடித்துக்கொள்ளும். காரத்தன்மையும் கூடவே இருந்தால் உலோகத்தில் ஒரு பங்கு கரையாமல் அடியில் படிந்துவிடும். உங்கள் குளத்து உப்புத் தண்ணீரில் அந்தப் பாதுகாப்பு இருந்தது. ஆர்.ஓ. தண்ணீரில் எல்லாவற்றையும் வடித்துவிட்டீர்கள், குஞ்சு மாட்டிக்கொண்டது. கொங்கு நாட்டுப் போர் தண்ணீர் குக்கரில் வெள்ளையாகப் படியும் அளவுக்குக் கடினம். அந்த வகையில் நம் மீனுக்கு அது நல்லதுதான்.

ஆனால் மீன் சாகவில்லை என்பதும் மீன் சுத்தம் என்பதும் ஒன்றல்ல. அடியில் படிந்தது அங்கேயே இருக்கிறது.

அடுத்து மீட்டர். அது தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று பார்த்து, உப்பு இவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டும் கருவி. குடிநீரில் ஈயத்துக்கு இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அதைப்போலப் பத்து மடங்கு ஈயம் இருந்தாலும் 0.1தான். உங்கள் மீட்டரில் 2,800 என்பது 2,800 ஆகவே நிற்கும். அதனால் 2,800 என்றால் உலோகம் அதிகம் என்பதும் தவறு, 300 என்றால் உலோகம் இல்லை என்பதும் தவறு.

இப்போது அந்த வீடியோ. நீங்கள் பார்த்தது ஃபயூம் மாகாணத்து வாடி அல் ரயான் என்று நினைக்கிறேன், அருவி என்கிறீர்களே. அது இயற்கை ஏரி இல்லை. ஃபயூம் வயல்களில் பாய்ந்து வடிந்த நீர் எல்லாம் முன்பு காருன் என்ற ஏரிக்குத்தான் போகும். அங்கே மட்டம் ஏறிக் கரையோர நிலம் மூழ்கியதால், 1973இல் இருந்து ஒரு பங்கைத் திருப்பிப் பாலைவனப் பள்ளத்தில் விட்டார்கள். மேலே ஒரு ஏரி, அது நிரம்பி வழிந்து கீழே ஒரு ஏரி. நடுவில் வழிவதுதான் அருவி. பார்க்க அழகாகத்தான் இருக்கும். 1989இல் பாதுகாக்கப்பட்ட பகுதியாகவும் அறிவித்தார்கள். ஆனால் உள்ளே வருவது வடிகால் தண்ணீர். வயலில் போட்ட உரம், பூச்சிமருந்து, அதோடு வரும் செம்பு, துத்தநாகம், காட்மியம், ஊர்ச் சாக்கடை எல்லாம் அதில் சேரும்.

எகிப்தில் இது தற்செயலும் இல்லை. 2021 வரை இருந்த 1983ஆம் ஆண்டின் 124ஆம் சட்டப்படி நைல் பாசன நீரை மீன் பண்ணைக்கு எடுக்கக் கூடாது என்று இருந்தது, குஞ்சுப் பொரிப்பகத்துக்கு மட்டும் விலக்கு. மற்றவர்கள் ஏரி நீரையும் வடிகால் நீரையும்தான் எடுக்க வேண்டியிருந்தது. உலகத்தில் திலேப்பியா வளர்ப்பில் முன்வரிசையில் நிற்கும் நாடு, அந்த மீனில் பெரும்பங்கைக் கடைமடைத் தண்ணீரில் வளர்க்கிறது. நம் ஊரில் கடைமடைக்காரர் என்ன பாடு படுவார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதில் கவனிக்க வேண்டியது அந்த இரண்டு ஏரிகளுக்கும் உள்ள வித்தியாசம். இரண்டுக்கும் ஒரே தண்ணீர், ஒரே வெயில். மேல் ஏரியில் வந்த தண்ணீர் வெளியே போகிறது, உப்பு மிதமாக இருக்கிறது. கீழ் ஏரிக்குப் போக்கிடம் இல்லை. ஆவியாவது ஒன்றுதான் வழி, உப்பு ஆவியாகாது. வழியில் பண்ணைகளும் வயல்களும் தண்ணீரை எடுத்ததால் கீழ் ஏரி வருஷா வருஷம் சுருங்கி, உப்பு ஏறிக்கொண்டே வந்தது. காருன் ஏரி அதற்கும் மூத்தது. கடல் மட்டத்துக்கு 40 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது, வெளியேற வழியே இல்லை. ஒரு காலத்து நன்னீர் ஏரி கடல் அளவுக்கு உப்பாகி, நன்னீர் மீன்கள் போய், கடலில் இருந்து மடவைக் குஞ்சு கொண்டுவந்து விட வேண்டியதாயிற்று. பின்னால் அந்த மீனிலும் ஒட்டுண்ணிப் பேன் பிடித்து மீன்பிடிப்பே படுத்துவிட்டது.

அதனால் தோட்டத்துக்காரன் அண்ணா, உங்களிடம் என் கேள்வி ஒன்றுதான். குட்டையில் இருந்து தண்ணீர் எங்கே போகிறது?

தோட்டத்துக்காரன்
புதன், காலை 8.05

எங்கேயும் போகவில்லைங்க அக்கா. அதுக்குத்தானே தார்ப்பாய் போட்டோம்! தென்னைக்குப் போரில் இருந்து நேராகச் சொட்டுநீர் போகிறது. குட்டை அவசரத்துக்கு. குறையக் குறைய நிரப்பி வைக்கிறோம்.

செவுள்
புதன், காலை 8.20

அப்படியானால் தோட்டத்தில் சின்னதாக ஒரு காருன் ஏரி வெட்டியிருக்கிறீர்கள்.

கணக்கைப் பாருங்கள். அரை ஏக்கர், ஒன்றரை மீட்டர் ஆழம் என்றால் சுமார் 3,000 கன மீட்டர். 2,800 டிடிஎஸ் என்றால் ஒரு கன மீட்டருக்கு 2.8 கிலோ உப்பு. ஆக, இப்போதே 8 டன்னுக்கு மேல் உப்பு கரைந்து கிடக்கிறது. நம் பக்கத்து வெயிலுக்கும் பாலக்காட்டுக் காற்றுக்கும் நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகும் என்று வையுங்கள். 300 நாளில் ஒன்றரை மீட்டர், அதாவது முழுக் குட்டையும் ஆவியாகி, நீங்கள் முழுக் குட்டைத் தண்ணீரைத் திரும்ப விட்டிருப்பீர்கள். தண்ணீர் அதே அளவு, உப்பு 16 டன். மழை கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். அடுத்த வருஷம் இன்னொரு 8.

பழைய மண்குட்டையில் அடிவழியாகக் கசிந்து ஒரு பங்கு உப்பு இறங்கிப் போகும். தார்ப்பாய் அதை அடைத்துவிட்டது. தண்ணீரில் எது இருந்தாலும் உப்போடு சேர்ந்து அதுவும் அங்கேயேதான் குவியும்.

கீழ்மடை
புதன், காலை 11.10

அம்மணி சொன்னதில் "அடிவழியாக இறங்கிப் போகும்" என்பதைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். இறங்கி எங்கே போகும்? என் கிணற்றுக்கு.

நான் ஒரத்துப்பாளையத்துக்குக் கீழே இருக்கிறவன். அணை 1992இல் முடிந்தபோது பாசனம் வரப்போகிறது என்று வாய்க்காலைத் தூர்வாரி வைத்துக் காத்திருந்தோம். வந்தது என்ன? திருப்பூரில் பனியனுக்குப் போட்ட சாயம். அணைக்குத் தண்ணீர் வந்தால் திறந்துவிடு என்று சண்டை போடுவதுதான் விவசாயி வழக்கம். ஐயா சாமி திறக்காதே என்று சண்டை போட்ட விவசாயிகள் இந்தத் தேசத்திலேயே நாங்கள்தான். என் தென்னையில் குரும்பை கொட்டியது. எருமை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் எல்லாப் பட்டறையையும் மூடச் சொன்ன பிறகுதான் ஊரே திரும்பிப் பார்த்தது.

இப்போது ஆளாளுக்கு அரை ஏக்கர் குட்டை வெட்டி, வருஷத்துக்கு ஒருமுறை கழுவி விடுகிறேன் என்று கிளம்பினால், சாயப்பட்டறைக்காரன் செய்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

உப்புமூட்டை
புதன், மதியம் 1.30

நான் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை செய்கிறவன். கீழ்மடை ஐயாவின் கோபம் நியாயம். அந்தக் காலத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் "சாயம்" என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்ட வேண்டாம்.

பருத்தியில் சாயம் ஏற உப்பு வேண்டும். சாதா உப்பு அல்லது குளோபர் உப்பு (சோடியம் சல்பேட்), மூட்டை மூட்டையாக. ஆற்றுக்குப் போனதில் எடையாகப் பார்த்தால் பெரும்பங்கு அதுதான். நிலத்தைக் கெடுத்தது, தென்னையைக் கொன்றது உப்பு, குறிப்பாக சோடியம். உலோகம் அதற்குப் பக்கத்தில் கொசுறுதான். ஆனால் இருந்தது. மயில் கழுத்து நிறத்தில் டர்க்காய்ஸ் என்று ஒரு சாயம் வரும். அதன் மூலக்கூறுக்கு நடுவிலேயே செம்பு உட்கார்ந்திருக்கும். சில அடர்நிறச் சாயங்களில் குரோமியம் உண்டு. இப்போது ஆர்.ஓ., ஆவியாக்கி எல்லாம் வைத்துத் தண்ணீரைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம். மிச்சம் வருவது கசடு, கலப்பு உப்பு. அதை எங்கே வைப்பது என்பது இன்னும் எங்கள் தலைவலி.

நிஜமாகக் கன உலோகத்துக்குப் பயப்பட வேண்டும் என்றால் குரோம் தோல் பதனிடும் இடம், முலாம் பூசும் பட்டறை, ராத்திரியில் பழைய பேட்டரி உடைத்து ஈயம் உருக்கும் கொட்டகை, இவற்றைப் பாருங்கள். முலாம் பட்டறையில் நிறமே இருக்காது. சிவப்பாக ஓடினால் டிவிக்காரன் வருவான். நிக்கல் தண்ணீரை யார் பார்க்கிறார்கள்?

கீழ்மடை
புதன், மதியம் 1.44

கொசுறு என்கிறீர்கள் தம்பி. கொசுறு வாங்கின கை எங்கள் கை.

குளத்தேரி
புதன், மாலை 6.00

கோவையில் இருந்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமையானால் உக்கடம், சிங்காநல்லூர் என்று பறவை பார்க்கக் கிளம்பிவிடுவேன். உப்புமூட்டை சொன்ன பட்டறைகளும் செவுள் கேட்ட போக்கிடமும் எங்கள் குளங்களுக்கு அப்படியே பொருந்தும். நொய்யலின் குளங்கள் சங்கிலி மாதிரி கட்டப்பட்டவை. ஒன்று நிரம்பிக் கலிங்கு வழியாக வழிந்தால் அடுத்ததற்குப் போகும். மழைக்காலத்தில் பழைய தண்ணீரை ஆறே கழுவி எடுத்துக்கொண்டு போய்விடும். இப்போது வருவது வருஷம் முழுக்கச் சாக்கடை, வழிவது எப்போதோ. போக்கிடம் உள்ள குளத்தை நாமே போக்கிடம் இல்லாததாக ஆக்கிவைத்திருக்கிறோம்.

பரிசலில் போய் ஜிலேபி பிடித்துக் கரையிலேயே விற்கிறார்கள். கூழைக்கடாவும் அதையேதான் தின்கிறது. நான் வாங்குவதில்லை. ஆனால் வாங்கிச் சாப்பிடுகிறவர்களைப் பார்த்து முகம் சுளிக்கவும் எனக்கு மனசு வரவில்லை. அந்த விலைக்கு வேறு மீன் கிடைக்காது.

பறவைக்காரன் என்பதால் ஒன்று சேர்க்கிறேன். கலிஃபோர்னியாவில் கெஸ்டர்சன் என்று ஒரு நீர்த்தேக்கம். வறண்ட சான் வாக்கின் பள்ளத்தாக்கின் வயல் வடிகாலைக் கொண்டுவந்து தேக்கினார்கள். பறவைக்கு நல்லது என்று சரணாலயமும் ஆக்கினார்கள். 1983இல் பார்த்தால் குஞ்சுகள் கண் இல்லாமல், அலகு கோணி, கால் இல்லாமல் பொரிந்திருந்தன. மீன்களில் கொசுமீன் ஒன்றைத் தவிர மற்றவை முன்பே காணாமல் போயிருந்தன. காரணம் செலினியம். எந்த ஆலையும் கொட்டியதில்லை. அந்த மலை மண்ணிலேயே இருந்தது. பாசனம் அதைக் கரைத்துக் கடைமடையில் சேர்த்தது, வெயில் செறிவாக்கியது, பாசியும் புழுவும் மீனும் ஒன்றை ஒன்று தின்று இன்னும் ஏற்றின. தண்ணீரைப் பார்த்தால் தெளிவாகத்தான் இருந்திருக்கும்.

பழையசவுதி
புதன், இரவு 9.20

படித்தால் தூக்கம் வராது போல இருக்கிறது. நாங்கள் அங்கே அரபிக்கு மீன் விற்றோம், நாங்களும் தின்றோம். ஒன்றும் ஆகவில்லையே?

செவுள்
வியாழன், காலை 6.10

பழையசவுதி அண்ணா, ஆழ்குழாய்த் தண்ணீரில் வளர்த்தீர்கள், வடிகாலில் இல்லை. கழிவுத் தண்ணீர் எங்கே போனது உங்கள் பண்ணையில்?

பழையசவுதி
வியாழன், காலை 7.00

பேரீச்சந்தோப்புக்கு. தினமும் குளத்தில் ஒரு பங்கை அடியில் இருந்து இறக்கி மரத்துக்குப் பாய்ச்சுவோம். சாணி போட்ட மாதிரி தழைத்தது.

செவுள்
வியாழன், காலை 7.35

இதைத்தான் எதிர்பார்த்தேன். உங்கள் முதலாளி மேல் ஏரி வைத்திருந்தார்.

தோட்டத்துக்காரன் அண்ணா, 4 ஏக்கர் தென்னை என்று வைத்துக்கொள்கிறேன். 280 மரம், மரத்துக்கு நாளுக்கு 100 லிட்டர் என்றால் 28 கன மீட்டர். அதைப் போரில் இருந்து நேராக விடாமல், போரைக் குட்டையில் கொட்டிக் குட்டையின் அடியில் இருந்து தென்னைக்கு எடுங்கள். ஆவியாவது நாளுக்கு 10 கன மீட்டர். உள்ளே 38, வெளியே 28. உப்பு 38க்கு 28 என்ற விகிதத்தில் ஏறும், அதாவது 2,800 ஆக இருப்பது 3,800 வாக்கில் நின்றுவிடும். ஜிலேபி தாங்கும், கட்லா, ரோகு போன்ற கெண்டை வகையும் தாங்கும்.

கீழ்மடை ஐயா, உங்கள் கேள்வியைத் தட்டிக்கழிக்கவில்லை. போரில் இருந்து நேராகப் பாய்ச்சினாலும் அந்த 28 கன மீட்டரின் உப்பு நிலத்துக்குத்தான் போகிறது. குட்டை ஆவியாக்குவதற்காகக் கூடுதலாக இறைக்கும் 10 கன மீட்டரின் உப்பும் இப்போது சேர்ந்து போகும். நாளுக்கு 28 கிலோ. அது பொய்யில்லை.

இன்னொரு விஷயம், இதை யாரும் இதுவரை சொல்லவில்லை. உலோகம் வெளியில் இருந்துதான் வர வேண்டும் என்று இல்லை, நாமே போடுகிறோம். பாசி பிடித்தால் மயில்துத்தம். மயில்துத்தம் என்றால் செம்பு. காரத்தன்மையை நூறால் வகுத்து அந்த அளவு பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) என்று படிப்பில் சொல்லிக்கொடுப்பார்கள். தோட்டத்தில் யார் வகுக்கிறார்கள்? ஒரு வாளியில் கரைத்து வீசுவதுதான். உங்கள் குட்டைக்கு 2 பிபிஎம் என்றாலே 6 கிலோ. ஒவ்வொரு தடவையும் அது சேற்றில் படியும். அடுத்தது கோழி எரு. கோழித் தீவனத்தில் செம்பும் துத்தநாகமும் தாதுக் கலவையாகச் சேர்க்கிறார்கள், பெரும்பங்கு எச்சத்தில் வெளியே வந்துவிடும்.

நாமக்கல்முட்டை
வியாழன், காலை 7.50

நான் ஒரு வரி எழுதிவிட்டு ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். என் தலையிலும் விழுந்துவிட்டது.

உண்மைதானுங்க. எங்கள் பக்கம் மீன் குட்டைக்கென்றே லோடு வாங்கிப் போகிறார்கள். எரு மட்டும் இல்லை, கோழிக் குடலையும் ஏற்றிப் போகிறார்கள். ஆப்பிரிக்கக் கெளுத்திக்குத்தான் போடுவார்கள். அந்த மீனை வளர்க்கவே இந்தியாவில் தடை. யாராவது மலிவாகக் குஞ்சு தருகிறேன் என்று வந்தால் வாங்கிவிடாதீர்கள்.

தோட்டத்துக்காரன்
வியாழன், இரவு 9.00

எழுதிய எல்லோருக்கும் நன்றிங்க. பதினைந்து வருஷமாக அம்மா கேட்கும் கேள்விக்கு இன்று பாதிப் பதில் கிடைத்திருக்கிறது. டெஸ்ட் எடுக்கலாம் என்று முடிவு செய்துவிட்டேன். தண்ணீரை ஒரு கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனால் போதுமா? குளத்து வண்டல் இலவசமாக எடுக்கலாம் என்று அரசு அனுமதி இருக்கிறதே, அதை இரண்டு டிப்பர் கொண்டுவந்து அடியில் விரித்தால் மீனுக்குத் தீனி பிடிக்கும் என்கிறார் மச்சான். செய்யலாமா?

குளத்தேரி
வியாழன், இரவு 9.12

மச்சானைக் கொஞ்சம் கட்டிப்போடுங்கள். கிராமத்து மானாவாரிக் குளத்து வண்டல் தங்கம். ஊர்ச் சாக்கடை சேரும் குளத்து வண்டலில் அந்த ஊர்ப் பட்டறைகள் அத்தனையும் இருக்கும்.

செவுள்
வெள்ளி, காலை 6.45

கூல்டிரிங்க்ஸ் பாட்டில் வேண்டாம். ஆய்வகத்திலேயே அமிலத்தில் கழுவிய பாட்டில் கேளுங்கள். கன உலோகம் பார்க்க என்று சொன்னால், எடுத்த உடனே சில சொட்டு நைட்ரிக் அமிலம் விடச் சொல்வார்கள். விடாவிட்டால் உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும், அறிக்கையில் ஒன்றும் இல்லை என்று வரும், நீங்களும் சந்தோஷமாகத் திரும்பிவிடுவீர்கள். அங்கீகாரம் பெற்ற ஆய்வகமாகப் பாருங்கள்.

தண்ணீர் மட்டும் போதாது. சேறுதான் முக்கியம். தண்ணீரில் இன்று இருப்பது நாளை இருக்காது. சேறு ஒரு வருஷத்தைப் பிடித்து வைத்திருக்கும். அங்கேயே கிடந்தால் பரவாயில்லை. விடியற்காலையில் அடித்தண்ணீரில் ஆக்சிஜன் தீரும்போது, சேற்றில் உள்ள இரும்பும் மாங்கனீசும் கரையும், அவை பிடித்து வைத்திருந்த மற்ற உலோகங்களும் கூடவே கிளம்பும். தார்ப்பாய் மேல் ஒரு அங்குலம் படிந்திருக்கும் அல்லவா, அதை நாலு இடத்தில் பிளாஸ்டிக் கரண்டியால் எடுத்துக் கலந்து ஒரு மாதிரி.

கூடவே தண்ணீர் பாயாத உங்கள் கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் நிலத்தில் இருந்து ஒரு கைப்பிடி மண்ணும் கொடுங்கள். இதைப் பலரும் செய்வதில்லை. நம் பாறையிலேயே குரோமியம் கொஞ்சம் உண்டு, சேலம் பக்கம் வெள்ளைக்கல் காட்டுப் பகுதியில் நிறையவே உண்டு. குட்டைச் சேற்றில் குரோமியம் இருக்கிறது என்று அறிக்கை வந்தால் அது பட்டறையா, பாட்டன் காலத்துப் பாறையா என்று எப்படிச் சொல்வீர்கள்? கொறங்காட்டு மண்ணோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

மீன் விட்டால் கட்லாவும் ரோகுவும் விடுங்கள், மேல்தட்டிலும் நடுத்தட்டிலும் மேய்பவை. மிர்காலும் சாதாக் கெண்டையும் சேற்றைக் கிளறித் தின்பவை. சேறு சுத்தம் என்று தெரியும்வரை அவை வேண்டாம். பிடித்த மீனில் சதையும் ஈரலும் தனித்தனியாகக் கொடுங்கள். ஈயமும் காட்மியமும் ஈரல், சிறுநீரகம், செவுளில்தான் அதிகம் சேரும், சதையில் குறைவு. பாதரசம் மட்டும் சதையில் ஏறும், மற்ற மீனைத் தின்னும் பெரிய மீனில் இன்னும் ஏறும். ஈயத்துக்கு மீன் சதையில் வரம்பு கிலோவுக்கு 0.3 மில்லிகிராம். சமைத்தால் போய்விடுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். போகாது. புளி ஊற்றிக் கொதித்தாலும் உலோகம் உலோகம்தான். குடலையும் செவுளையும் ஒழுங்காக எடுத்துப் போடுவது ஒன்றுதான் நம் கையில் உள்ளது.

கீழ்மடை
வெள்ளி, காலை 10.30

நாளுக்கு 28 கிலோ உப்பு என்று மறைக்காமல் சொன்னீர்களே அம்மணி, அதற்காக இந்த இழையில் மேற்கொண்டு சண்டை போடவில்லை.

தோட்டத்துக்காரன்
ஒன்பது வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 4.15

இழையை மறந்திருப்பீர்கள். அறிக்கை வந்துவிட்டதுங்க.

போர் தண்ணீரில் ஈயம், காட்மியம், பாதரசம் மூன்றும் கண்டறியும் அளவுக்குக் கீழே. குரோமியம் குடிநீர் வரம்புக்குள். சேற்றில் குரோமியம், கொறங்காட்டு மண்ணில் இருக்கிற அளவேதான். செம்பு மட்டும் கொறங்காட்டை விடப் பல மடங்கு. உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். போன கோடையில் பாசிக்கு மயில்துத்தம் இரண்டு தடவை வீசினேன். வாளியில் கரைத்துத்தான். யாரைக் குற்றம் சொல்வது?

சேற்றை வழித்து எடுத்தாயிற்று. போரைக் குட்டைக்குத் திருப்பி, அடியில் இருந்து தென்னைக்கு எடுக்கிறோம். மூன்றாவது நாளே சொட்டுநீர்க் குழாய் பாசியில் அடைத்துக்கொண்டது. மணல் வடிகட்டி போட்ட பிறகு சரியாக ஓடுகிறது. மீட்டர் இப்போது 3,100. பவானிசாகரில் அரசு மீன் பண்ணையில் கட்லாவும் ரோகுவும் சொல்லி வைத்திருக்கிறேன். மச்சான் மிர்காலும் வேண்டும் என்கிறார், அவரைச் சமாளிக்க வேண்டும்.

அம்மாவிடம் அறிக்கையைத் தமிழில் படித்துக் காட்டினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "மீன் பெரிசானதும் இன்னொருக்கா காட்டு, அப்ப பாக்கலாம்" என்றார். அதனால் மீனையும் ஈரலையும் கொடுக்க அடுத்த ஆடியில் மறுபடி ஆய்வகம் போகிறேன்.

கீழ்மடை
ஞாயிறு, மாலை 5.02

தம்பி, போகிற அன்றைக்கு ஒரு போன் போடுங்கள். என் கிணற்றுத் தண்ணீர் ஒரு பாட்டில், வாய்க்கால் சேறு ஒரு பை கொடுத்துவிடுகிறேன். என் பங்குக்கு உண்டான காசையும் வாங்கிக்கொள்ள வேண்டும். நைட்ரிக் ஆசிட்டை மட்டும் நீங்களே விட்டுக்கொள்ளுங்கள், எனக்குக் கை நடுங்குகிறது.